கேட்டவர் சொன்ன கிட்டப்பா

செங்கோட்டையில் 1906-ஆம் ஆண்டு பிறந்து, 27 வயது நிரம்பிய சில மாதங்களுக்குள்ளாகவே, 1933 டிசம்பரில் மறைந்துபோன எஸ். ஜி. கிட்டப்பாவின் மேடைப் பாட்டை நேரில் கேட்டவர்களைக் காண்பது இன்று ஏறக்குறைய இயலாத காரியம். ஆயினும், தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் வயது முதிர்ந்த சங்கீத ரசிகர்கள் கூடியிருந்து பேசத் தொடங்கினால், பேச்சு எந்த வித்துவானைப் பற்றி எழுந்ததாயினும், கிட்டப்பாவின் பெயரைத் தொடாமல் அது முடிவடைவதில்லை. தகப்பனார் கேட்டார், பாட்டனார் வண்டி கட்டிக்கொண்டு போய்க் கேட்டார், விடிய விடியக் கேட்டுவிட்டு மறுநாள் ஆபீசுக்கு விடுப்பு எழுதிப் போட்டார் என்று, தாம் அனுபவியாத ஓர் இன்பத்தைத் தம் குடும்பச் சொத்தின் ஒரு பாகமாகவே பாவித்துப் பேசுகிற அவர்களுடைய பேச்சை, வெறும் முதுமையின் புலம்பல் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வருவதில்லை. அதில் சொல்லப்படுவதெல்லாம் சத்தியம் என்று ஏற்றுக்கொள்ளவும் அறிவு இடங்கொடுப்பதில்லை. நேரில் நிகழ்ந்து மறைந்துபோன ஒரு கலையை, கேட்டவர்கள் ஞாபகத்தில் வைத்துப் போற்றுகிற இந்த வழக்கம் கலைக்குச் செய்த நன்மை யாது, செய்த தீங்கு யாது என்பதை ஆற அமர ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம்.

இவ்வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து இளைஞர் நால்வர் 1982-இல் தொடங்கி 1987-இல் கலைந்துபோன ‘தி ஸ்மித்ஸ்’ என்னும் இசைக்குழுவின் மேடை நிகழ்ச்சிகளை, அதன் ரசிகர்கள் இன்றளவும் நினைத்து உருகுகிறார்கள். 1986-இல் லண்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு, குழு கலைந்த மறு வருஷமே ‘ரேங்க்’ என்ற பெயரில் இசைத்தட்டாக வந்துவிட்ட பிறகும், அன்று அந்த மண்டபத்தில் நின்றவர்களுக்கு அது போதுமானதாக இல்லை. ஐந்தே வருஷம் நிலைத்த ஒரு குழுவும், இருபத்தேழே வருஷம் வாழ்ந்த ஒரு பாடகரும் இத்தனை நீண்ட ஏக்கத்துக்குப் பாத்திரமாவதற்கு, அவர்களுடைய மேதை ஒரு காரணமாயின், அவர்கள் தளர்ந்து தேய்ந்ததை ஜனங்கள் பார்க்க நேராமற் போனது மற்றொரு காரணம். ஐம்பது வயதில் சாரீரம் கம்மிப்போய், பழைய பாட்டையே பழைய விதமாகப் பாட முயன்று தோற்கின்ற ஒரு கிட்டப்பாவைத் தமிழ்நாடு பார்த்ததில்லை. மரணம் அவருடைய புகழுக்குச் செய்த இந்தக் கொடிய சகாயத்தை, அவரைப் புகழ்கிறவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வதே இல்லை.

கிட்டப்பாவின் ரசிகர்கள் கேட்டது எத்தகைய பாட்டு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் பாலர் நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் சிறுவனாக மேடையேறி, கன்னையா கம்பெனியின் ‘தசாவதார’த்தில் பேர்பெற்று, பிறகு கே. பி. சுந்தராம்பாளோடு சேர்ந்து ‘வள்ளி திருமணம்’, ‘நந்தனார்’ முதலிய நாடகங்களை நடத்திய கிட்டப்பாவுக்கு, மேடையில் ஒலிபெருக்கி என்ற சாதனத்தின் ஒத்தாசை இருந்ததில்லை. இரவு பத்து மணிக்குத் திரை விலகினால் பொழுது விடிகிற வரையில் நடக்கும் நாடகம், கீற்றுக் கொட்டகை, தரையில் மணலைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஜனத்திரள், பாட்டு பிடித்துவிட்டால் ‘ஒன்ஸ்மோர்’ என்று எழும் கூச்சல், கூச்சலுக்கு இணங்கி, அதே பாட்டை மறுபடியும், ஆனால் அதே மாதிரி அல்லாமல், வேறு சங்கதிகளோடு பாடவேண்டிய நிர்ப்பந்தம். இவ்வளவுக்கும் ஈடு கொடுக்க வேண்டுமானால், கால் ஹார்மோனியத்தின் ஓங்கிய நாதத்தையும் மீறிக் கடைசி வரிசையில் இருப்பவன் காதில் சொல் தெளிவாக விழும்படியான உச்ச ஸ்தாயியில் பாடியே தீரவேண்டும். கிட்டப்பாவின் ஸ்தாயியைப் பற்றி நம் வட்டாரத்தார் வியந்து பேசுவதில், அவருடைய தெய்வ கடாக்ஷத்தைப் பற்றிய செய்தி எவ்வளவு இருக்கிறதோ, அதே அளவுக்கு அந்தக் கொட்டகையின் அமைப்பைப் பற்றிய செய்தியும் இருக்கிறது. ‘பாடினால் மைல் தூரத்துக்குக் கேட்கும்’ என்று அவர்கள் சொல்வதை மிகையென்று ஒதுக்குகிறவர், மோட்டார் வண்டிகளும் மின்சார யந்திரங்களும் அரிதாயிருந்த அந்நாளைய இரவின் நிசப்தத்தை எண்ணிப் பார்க்கவேண்டும்; மைல் என்பது மிகையாயிருக்கலாம், எட்டிக் கேட்டது மெய்யாகத்தான் இருக்கும்.

இந்த அனுபவத்தில் இசைத்தட்டு நமக்குப் பிடித்து வைத்திருப்பது எவ்வளவு? பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் சில விநாடிகளும். அவ்வளவு நேரத்துக்குள் பல்லவியும் சரணமும் ஒப்பேற வேண்டுமென்று, ராகத்தை நறுக்கி, சங்கதிகளைக் குறைத்து, எதிரே ஓர் ஆளும் இல்லாத அறையில் யந்திரத்தை நோக்கி நின்று பாடியவை அவை. அப்படியிருந்தும் அந்தத் தட்டுகளில் ஒரு மின்னல் ஓடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், மேடையில் அரை மணி நேரம் விரிந்த பாட்டின் சாயலையே தட்டு தருகிறது. மற்றதைக் கேட்டவர்களின் ஞாபகந்தான் தரவேண்டும்.

தருகிறதா? சில சமயம், அற்புதமாகத் தருகிறது. என் சிறு வயதில் செங்கோட்டையில் ஒரு வீட்டுத் திண்ணையில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார், சாவி கொடுத்து ஓடும் கிராமபோன் பெட்டியில் கிட்டப்பாவின் தட்டு ஒன்றை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொள்ளாமல், தட்டையே உற்றுப் பார்த்தபடி கேட்பார். பாட்டு முடியப்போகிற தருணத்தில், முள் கரகரத்து உள்வட்டத்துக்கு வருவதற்குச் சற்று முன்பாக, வலது கையை மெல்ல உயர்த்தி நிறுத்துவார். “தட்டு இங்கே முடிஞ்சுபோச்சு தம்பி, அவர் முடிக்கலை. இந்த இடத்திலேயிருந்து இன்னும் மேலே போவார். போய் அங்கேயே நிற்பார். ஆர்மோனியப் பெட்டிக்காரர் கையை எடுத்துடுவார். அதுக்கப்புறமும் நிற்பார். இறங்கும்போது ஒரேயடியா இறங்கமாட்டார்; நின்ன இடத்துக்கு நாலு தரம் திரும்பிப் பார்த்துட்டுத்தான் வருவார்” என்பார். அவருக்கு ஸ்வர ஞானம் அதிகம் இருந்ததென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாலு வாக்கியங்களில், ஒரு பாடகர் தாரஸ்தாயியில் எப்படிக் கார்வை கொடுத்தார், பக்கவாத்தியம் எந்த இடத்தில் ஒதுங்கியது, அவரோகணத்தில் என்ன நயம் செய்தார் என்பவை அத்தனையும் அடங்கியிருந்தன. ஹார்மோனியம் வாசித்தவர் கிட்டப்பாவின் சகோதரர் காசி ஐயர் என்பதும், தம்பியின் மூச்சு எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதும் பின்னால் எனக்குப் புலப்பட்டபோது, வாத்தியார் சொன்னதன் பெறுமானம் இன்னும் கூடிற்று.

அதே திண்ணைக்கு வருகிற மற்றொரு பெரியவரும் கிட்டப்பாவைக் கேட்டவர்தாம். அவரோ, “அந்தச் சாரீரம் இனி எவனுக்கு வரும்? அதெல்லாம் சொல்லி மாளாது” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பக்தி இருவருக்கும் சமம். முன்னவருடைய பக்தி நமக்கு ஒரு சங்கீதத்தை மிச்சம் வைத்தது. பின்னவருடைய பக்தியோ அதை அவரோடேயே கொண்டுபோய்விட்டது. பழம்பெருமை பேசுகிறவர்களில் பெரும்பாலார் பின்னவருடைய வகுப்பைச் சேர்ந்தவர்கள் என்பதுதான் என்னுடைய முதற் குறை. ‘ஈடு இணை இல்லை’ என்ற சொல், ஆராய்ச்சிக்குப் போடுகிற தாழ்ப்பாள். எந்த ராகம், எந்த இடம், எதனால் மயங்கினீர்கள் என்று கேட்பவனை அது அரசிகன் ஆக்கிவிடுகிறது.

இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. இறந்தவரைப் புகழ்கிற வாய், அடுத்த மூச்சில் இருப்பவரை இகழ்கிறது. ஒலிபெருக்கி வந்தபின் பாடகர்கள் சுருதியைத் தாழ்த்திக்கொண்டதைச் ‘சாரீரம் செத்துப் போச்சு’ என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உரத்துப் பாட வேண்டிய அவசியம் நீங்கியதும், குரலின் கீழ்ஸ்தாயிகள் திறந்தன. மெல்லிய கமகங்களும், காதோடு சொல்வதுபோன்ற பாவங்களும், கடைசி வரிசைக்கும் கேட்கும் யோக்கியதையைப் பெற்றன. கிட்டப்பாவுக்கு அந்தச் சௌகரியம் கிடைத்திருந்தால் அவரே எப்படிப் பாடியிருப்பார் என்று யாரால் சொல்ல முடியும்? கொட்டகையின் கட்டாயத்தால் பிறந்த ஒரு பாணியைக் காலாகாலத்துக்கும் உரிய உரைகல்லாக வைத்துக்கொண்டு, வேறு கட்டாயங்களுக்கு உட்பட்டுப் பாடுகிறவர்களை அதில் உரசிப் பார்ப்பது நியாயமாகாது.

சுந்தராம்பாளின் விஷயத்தில் இந்த ஞாபகம் செய்திருக்கும் அநியாயத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கொடுமுடியில் பிறந்து, இலங்கை மேடைகளில் தம் சொந்தப் பாட்டின் வலிமையால் பேர் சம்பாதித்த பிறகுதான் அந்த அம்மையார் கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். ‘நந்தனா’ரில் அவர் நந்தனாராகவும் கிட்டப்பா வேதியராகவும் எதிரெதிரே நின்று பாடியபோது, ஒருவருடைய பாட்டு மற்றவருடைய பாட்டுக்குச் சவாலாக இருந்ததனால்தான் அந்த நாடகம் நாடகமாயிற்று. கணவராகிய கிட்டப்பா மறைந்தபின் ஏறக்குறைய 47 வருஷம் உயிரோடிருந்து, சினிமாவிலும் மேடையிலும் தம் கலையை வளர்த்து, 1953-இல் ‘ஔவையார்’ படத்தின் மூலம் நாடு முழுவதையும் தம் பாட்டுக்கு வசமாக்கிய ஒருவரை, நம் ரசிகர்கள் பெரும்பாலும் வெள்ளை வஸ்திரத்தின் மூலமாகவும் விரதத்தின் மூலமாகவும் மட்டுமே நினைக்கிறார்கள். அந்தத் துக்கம் மெய்; அதற்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் கிட்டப்பாவைப் பற்றிப் பேசும்போது சாரீரத்தைப் பற்றியும், சுந்தராம்பாளைப் பற்றிப் பேசும்போது பதிபக்தியைப் பற்றியும் பேசுவது சங்கீத விமரிசனம் ஆகாது. நாடகக் கொட்டகையில் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்து கேட்ட ஸ்திரீகள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களுடைய ஞாபகத்தை எவரேனும் கேட்டு எழுதி வைத்திருந்தால் இந்தச் சித்திரம் வேறு விதமாக அமைந்திருக்கக்கூடும்.

கிட்டப்பாவின் செங்கோட்டைக்குச் சில மைல் தூரத்தில், குற்றாலத்தில், தம் கடைசி வருஷங்களைக் கழித்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரைச் சுற்றி எழுந்த ஞாபகம் இதற்கு நேர் உடன்பிறப்பு. அவர் பாடகர் அல்லர். ஆனால் அவர் கவி சொன்னது ஒரு மேடைக் கலையே. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவருடைய வீட்டின் வட்டத் தொட்டியில் கூடிய நண்பர்களும், பின்னர்ச் சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு அவரைத் தேடி வந்த ராஜாஜி, கல்கி முதலியோரும், கம்பன் பாட்டு ஒன்றை அவர் சொல்லிக் கேட்டதை வாழ்நாளின் பெரும் பேறாகக் கருதினார்கள். ஒரே அடியை இரண்டு முறை, மூன்று முறை திருப்பிச் சொல்லி, உயிரான சொல்லுக்கு முன்னால் நிறுத்தி, கேட்பவரின் மனம் அந்தச் சொல்லை நோக்கித் தாவுகிற வரையில் காத்திருந்து, பிறகு அதை வெளியிடுகிற அவருடைய முறையை, தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் போன்ற அன்பர்கள் எழுத்தில் வடித்துத் தந்திருக்கிறார்கள். செங்கோட்டை வாத்தியாரின் ஜாதியைச் சேர்ந்த ஞாபகம் இது. எழுதவும் தெரிந்த ஞாபகம். கவிதையைக் காதால் படிக்க வேண்டும் என்ற உணர்வு ஒரு தலைமுறைக்கே வந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஆயினும் இங்கேயும் ஒரு விபரீதம் நேர்ந்தது. கம்பராமாயணத்தில் கம்பர் வாக்கு அல்லவென்று தமக்குத் தோன்றிய பாடல்களை நீக்கியும், ஓசையும் பாவமும் கெட்டிருப்பதாகத் தோன்றிய இடங்களில் சொற்களைத் திருத்தியும் டி. கே. சி. ஒரு பதிப்பை வெளியிட்டார். ஏட்டுப் பிரதிகளின் ஆதாரம் இன்றிப் பாடத்தை மாற்றுவது தகாது என்று புலவர்கள் மறுத்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அவரை நேரில் கேட்டவர்களில் பலருக்கோ அந்த நியாயம் காதில் ஏறவேயில்லை. அவர் சொல்லக் கேட்டபோது எந்தச் சொல் நெஞ்சை அள்ளியதோ அதுவே கம்பர் எழுதிய சொல் என்று அவர்கள் நிச்சயித்துவிட்டார்கள். கேட்ட அனுபவம், கேட்டதைப் பற்றிச் சாட்சி சொல்லலாம். கம்பன் ஏட்டைப் பற்றிச் சாட்சி சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை. டி. கே. சி. யின் பேரில் எனக்கு உள்ள மரியாதை அளவிறந்தது. இருந்தும் இந்த விஷயத்தில் அவருடைய ரசிகர்கள் அவருக்கு நன்மை செய்ததாக நான் நினைக்கவில்லை.

குற்றாலத்துக்கு இதைவிடப் பழைய நஷ்டமும் ஒன்று உண்டு. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சி, படிப்பதற்கென்று எழுந்த நூல் அன்று; ஆடிப் பாடுவதற்கென்று எழுந்த நாடகம். நூல் நம் கையில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவன், மறுநாள் பக்கத்து வீட்டுக்காரனிடம் என்ன சொன்னான் என்பதில் ஒரு வார்த்தைகூட நம்மிடம் இல்லை. ஞாபகம் பேசுகிறவர்களிடம் எனக்கு எவ்வளவு குறை இருந்தாலும், இந்த வெறுமையை நினைக்கும்போது அவர்கள் பேசட்டும், இன்னும் பேசட்டும் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஞாபகத்துக்கு ஒரு காவல் வேண்டுமானால், அது அன்றன்றைக்கு எழுதப்படும் விமரிசனமே. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கல்கி எழுதிய ‘ஆடல் பாடல்’ பகுதியின் அருமை இதுதான்: கச்சேரியின் சூடு ஆறுவதற்குள் எழுதியபடியால், மெச்ச வேண்டியதை மெச்சியதோடு, குறை சொல்ல வேண்டியதையும் அவர் சொல்லிவிட்டார். முப்பது வருஷம் கழித்து நினைத்துப் பார்க்கிறவனுக்குச் சலித்துப்போன கச்சேரிகள் ஞாபகத்தில் இருப்பதில்லை. தொண்டை கட்டிய இரவு, தாமதமாகத் தொடங்கியதால் பாதியில் நின்ற நாடகம், ஜனங்களின் கைதட்டலுக்காக உச்சத்தில் அநாவசியமாக நின்ற இடங்கள், இவையெல்லாம் கிட்டப்பாவுக்கும் நேர்ந்திருக்கும். மனிதராய்ப் பிறந்து இரவெல்லாம் பாடிய ஒருவருக்கு நேராமல் இருக்காது. அவற்றை மறந்துவிட்ட ஞாபகம் ஒரு கலைஞரைத் தெய்வமாக்குகிறது. ஆனால் அவருடைய தொழிலின் கஷ்டத்தை மறைத்துவிடுகிறது.

நம் தலைமுறைக்கு நேரில் வாய்த்த உதாரணம் காருகுறிச்சி அருணாசலம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, திருநெல்வேலிச் சீமையின் கோயில்களிலும் கல்யாணங்களிலும் நாகஸ்வரத்தைப் பொழிந்து, 1964-இல் 43 வயதுகூட நிரம்பாமல் மறைந்தவர். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்த அவருடைய வாசிப்பைக் கேளாத தமிழர் இல்லை, ஒலிப்பதிவுகளும் கிடைக்கின்றன. கிட்டப்பாவைப்போல மூன்று நிமிஷத் தட்டை நம்பியிருக்கும் கதி அவருக்கு இல்லை. இத்தனை பதிவுகள் இருக்கும்போது ஏக்கம் தணிந்திருக்க வேண்டும், தணியவில்லை. காரணம், அவருடைய ரசிகர்கள் ஏங்குவது நாதத்துக்காக மட்டும் அன்று. சுவாமி புறப்பாட்டில் முச்சந்தியில் பல்லக்கை இறக்கி வைத்துவிட்டு, தீவட்டி வெளிச்சத்தில், ஒரே ராகத்தை அவசரமின்றி வாசிப்பதும், அதை ஊரே நின்று கேட்பதுமான ஓர் ஏற்பாட்டுக்காக ஏங்குகிறார்கள். சிதைந்த கல்லையாயின் திரும்ப எழுப்பலாம்: தென்காசிக் கோயிலின் ராஜகோபுரம் நெடுங்காலம் சிதைந்து நின்றது; அதன் உயரம் 1990-ஆம் வருஷக் கும்பாபிஷேகத்தில் திரும்ப வந்தது. கல்லுக்கு அடித்தளம் எஞ்சியிருந்தது. புறப்பாட்டில் நின்று கேட்கும் வழக்கத்துக்கு எஞ்சியிருப்பது, இன்றும் சீவாளியை நனைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் நாகஸ்வரக்காரர் ஒருவரே. அவருக்குப் பக்கத்தில் தீபாராதனை வேளையில் முரசையும் மணியையும் மோட்டார் யந்திரம் அடித்து நொறுக்குகிறது; காருகுறிச்சியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் இவர் ஒரு கீர்த்தனை வாசித்து முடிக்கும் வரையில் நிற்பதில்லை. காருகுறிச்சியை வளர்த்தது ராஜரத்தினம் பிள்ளையின் சிக்ஷை மட்டும் அன்று. நின்று கேட்ட கூட்டமும் சேர்ந்துதான் அவரை வளர்த்தது. அந்தக் கூட்டத்தின் வாரிசுகள் நாம்.

காருகுறிச்சியை நேரில் கேட்டவர்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோரும் முதியவர்கள். அவர்களிடம் ‘எப்படி வாசிப்பார்?’ என்று கேட்டால் ‘ஆகா!’ என்ற பதில்தான் வரும். எந்த ஊர், எந்த வீதி, சுவாமி எந்த முக்கில் நின்றது, என்ன ராகம், தவிலுக்கு யார், எத்தனை நாழிகை, பெண்கள் எங்கே நின்று கேட்டார்கள், நாகஸ்வரத்தைக் கீழே வைத்த பிறகு ஜனங்கள் உடனே கலைந்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இவ்வளவும் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு, அவர்கள் கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை என்று, எந்த இரவு அவர் சரியாக வாசிக்கவில்லை என்பதையும் கேட்க வேண்டும்.